அம்மையே வராத பையனுக்கு அக்கி வருமா?

பொன்னி_திருச்சி
திங்கள், இரவு 10:15

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு படிக்கிறான். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் வலது விலாவில் அரிக்கிறது என்றான். சட்டையைத் தூக்கிப் பார்த்தால் சிவந்து ஒரு திட்டு. கொசுக்கடி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். சனிக்கிழமை காலை அதே இடத்தில் ஏழெட்டு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக நின்றன. பக்கத்துத் தெருவில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். பூச்சிக்கடி என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முதுகில் ஒரு திட்டு, முன்பக்கம் மார்புக்குக் கீழே ஒரு திட்டு என்று பட்டையாக நீண்டுவிட்டது. இடது பக்கம் ஒன்றுகூட இல்லை.

என் மாமியார் பார்த்த உடனே "இது அக்கிதான்" என்று சொல்லிவிட்டார். இன்று குழந்தை மருத்துவரிடம் போனோம், அவரும் அதைத்தான் சொன்னார். ஹெர்பஸ் ஜோஸ்டர் என்று எழுதியிருக்கிறார், வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை கொடுத்திருக்கிறார். "சின்னம்மை எப்போது வந்தது?" என்று கேட்டார். இவனுக்கு அம்மையே வந்ததில்லை என்றேன். தடுப்பூசியும் போடவில்லை. "வராமல் அக்கி வராது அம்மா, வீட்டில் கேட்டுப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கைபேசியில் தேடினால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வரும், புற்றுநோய் இருந்தால் வரும் என்றெல்லாம் போட்டிருக்கிறது. எனக்குத் தூக்கமே போய்விட்டது. அவனுக்குக் கீழே ஒரு பெண் குழந்தை, இரண்டரை வயது, இருவரும் ஒரே பாயில்தான் படுப்பார்கள். அவளுக்கும் அம்மை ஊசி போடவில்லை. இதில் என் தங்கை ஒன்பது மாதக் கர்ப்பம், வருகிற ஞாயிறு எங்கள் வீட்டில்தான் வளைகாப்பு. அத்தையோ நாளைக் காலையே அக்கி எழுதக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார். யாருக்காவது குழந்தைக்கு இப்படி வந்திருக்கிறதா?

ஊர்க்குருவி
திங்கள், இரவு 10:40

அக்கா, எனக்கு ஒன்பது வயதில் இடுப்பில் வந்தது. இப்போது 34. பதினைந்து நாளில் காய்ந்து உதிர்ந்துவிட்டது, வலிகூடப் பெரிதாக இல்லை, அரிப்புதான். திரும்பவும் வந்ததில்லை. அந்தத் தேடலை மூடி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

சக்கரம்_மானாமதுரை
திங்கள், இரவு 11:20

நாங்கள் மண்பாண்டம் செய்கிற குடும்பம். என் தாத்தா அக்கி எழுதுகிறவர், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். காவிக் கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்து, கோழி இறகில் தொட்டுக் கொப்புளத்தைச் சுற்றி எழுதுவார். சிங்கத்தின் உருவம் போடுவார். மூன்று நாள் காலையில் வரச் சொல்வார், காசு வாங்க மாட்டார். நாள் முழுக்க எங்கள் வாசலில் ஆட்கள் காத்திருந்த காலம் உண்டு. காவி பட்டால் எரிச்சல் கொஞ்சம் குளிர்ச்சியாகும், மனதுக்குத் தெம்பு வரும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அக்கி தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடுகிற நோய் என்று நான் நர்சிங் படித்தபோதுதான் தெரிந்தது. ஆறினதற்குப் பேர் காவிக்குப் போயிற்று. கொப்புளம் உடைந்த இடத்தில் மண்ணும் காவியும் ஒட்டிச் சீழ் பிடித்து வந்த இரண்டு பிள்ளைகளை நானே வார்டில் பார்த்திருக்கிறேன். ஒரே இறகு எல்லோருக்கும் போகும், அதுவும் சரியில்லை. அத்தையின் மனது நோகாமல் ஒன்று செய்யுங்கள். மாத்திரை முடியட்டும், பொருக்கு எல்லாம் உதிர்ந்தபின் ஒரு நாள் கூட்டிப்போகிறேன் என்று சொல்லுங்கள். என் தாத்தாவே கடைசிக் காலத்தில் முகத்தில் வந்தால் எழுத மாட்டார், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அனுப்பிவிடுவார்.

குழந்தைநலம்_கோவை
செவ்வாய், காலை 6:10

பொன்னி, நான் குழந்தை மருத்துவர், இருபது வருடமாகப் பார்க்கிறேன். உங்கள் மருத்துவர் கேட்டது மிகச் சரியான கேள்வி. அதையே இன்னும் கொஞ்சம் கூர்மையாகக் கேட்கிறேன்: பையனுக்கு ஒரு வயது ஆவதற்குள் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்ததா? நீங்கள் அவனைச் சுமந்திருந்தபோது உங்களுக்கு வந்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணம் ஒரே வைரஸ். வேரிசெல்லா ஜோஸ்டர் என்று பெயர். முதல் தடவை உடம்புக்குள் வரும்போது அம்மையாக உடம்பெங்கும் போடும். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்தபின்னும் வைரஸ் முழுவதும் போய்விடாது. தோலிலிருந்து நரம்பு வழியாக உள்ளே போய், முதுகெலும்பை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கும். உடம்பின் காவல் அதை அடக்கி வைத்திருக்கும். அந்தக் காவல் எப்போதாவது தளர்ந்தால், ஏதோ ஒரு முடிச்சிலிருந்து மட்டும் கிளம்பி, அந்த நரம்பு கவனிக்கிற தோல் பட்டையில் கொப்புளமாக வரும். ஒவ்வொரு நரம்பும் உடம்பின் ஒரு பக்கத்தை மட்டுமே கவனிக்கிறது. அதனால்தான் உங்கள் பையனுக்கு வலது பக்கத்தோடு நின்றுவிட்டது. "சுற்றி வந்து தலையும் வாலும் தொட்டால் உயிருக்கு ஆபத்து" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது நடுக்கோட்டைத் தாண்டுவதே அபூர்வம், பயப்படாதீர்கள்.

பெரியவர்களுக்கு வயதாக ஆக இந்தக் காவல் தளர்கிறது. குழந்தைகளுக்கு வருவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம். ஒரு வயதுக்குள் அம்மை வந்த குழந்தையின் உடம்பு அந்த வைரஸைச் சரியாகப் படித்து வைத்துக்கொள்வதில்லை. குழந்தையின் எதிர்ப்புச் சக்தி அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறது. அதோடு தாய்க்கு முன்பு அம்மை வந்திருந்தால் அவளுடைய ரத்தத்தில் நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்திருக்கும், சில மாதம் அவை கூடவே இருக்கும். அவை அம்மையை மட்டுப்படுத்திவிடும். பத்துக் கொப்புளம்கூட வராது, சில சமயம் வியர்க்குரு என்றே நினைத்துவிடுவோம். அன்றைக்கு அது நல்லதுதான். ஆனால் குழந்தையின் சொந்தக் காவல் பலமாக உருவாகாமல் போய்விடுகிறது. வைரஸோ வழக்கம் போல முடிச்சில் போய் உட்கார்ந்துவிடும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அக்கி ஐந்து, ஏழு, பத்து வயதிலேயே வந்துவிடலாம். கருவில் இருக்கும்போது தாய்க்கு அம்மை வந்திருந்தாலும் இதே கதைதான், அந்தக் குழந்தைக்குச் சில சமயம் ஒரு வயதுக்குள்ளேயே அக்கி வரும்.

புற்றுநோய் பயத்தைப் பற்றி: நன்றாகச் சாப்பிட்டு, ஓடி ஆடி, எடை ஏறி வளர்கிற குழந்தைக்கு ஒரே ஒரு பட்டையில் ஒரு முறை அக்கி வந்தால் அதற்காகப் புற்றுநோய்ப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. திரும்பத் திரும்ப வந்தாலோ, பல இடங்களில் ஒரே நேரத்தில் வந்தாலோ, உடம்பு முழுவதும் பரவினாலோ, கூடவே நீண்ட நாள் காய்ச்சல், எடை இழப்பு, கழலை, அடிக்கடி நிமோனியா என்று ஏதாவது இருந்தாலோதான் தேடுவோம்.

பாப்பாவுக்கு இன்றைக்கே சின்னம்மைத் தடுப்பூசி போடுங்கள். தொற்று பட்ட மூன்று நாளுக்குள், அதிகபட்சம் ஐந்து நாளுக்குள் போட்டால் தடுக்கவோ மட்டுப்படுத்தவோ வாய்ப்பு உண்டு. தங்கையைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது ரவுண்ட்ஸ் போக வேண்டும்.

பொன்னி_திருச்சி
செவ்வாய், மதியம் 2:30

டாக்டர், உங்கள் பதிவை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "வூட்ல யாருக்கு அம்மா போட்டுச்சு" என்று யோசித்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அந்த வருசம் நாம சமயபுரம் பூச்சொரிதலுக்கே போவலயே!" என்றார்.

அப்போதுதான் எனக்கும் வந்தது. பையன் பிறந்து நாலாவது மாதம், மாசிக் கடைசி. என் கொழுந்தனார் சென்னையில் வேலை பார்த்தவர், காய்ச்சலோடு ஊருக்கு வந்தார். இரண்டாம் நாள் அம்மை. வாசலில் வேப்பிலை கட்டி, வீட்டில் தாளிப்பை நிறுத்தி, பதினோரு நாள் அப்படியே இருந்தோம். எனக்கு எட்டாம் வகுப்பில் வந்துவிட்டது என்பதால் பயமில்லை. குழந்தையை வேறு அறையில்தான் வைத்திருந்தேன். ஆனால் காய்ச்சலோடு வந்த முதல் நாள் அவர் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினார், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சில நாள் கழித்துப் பையனுக்கு வயிற்றில் மூன்று, காதுக்குப் பின்னால் ஒன்று என்று சின்னச் சின்னக் கொப்புளம் வந்தது. வெயில் தொடங்கிவிட்டது, வியர்க்குரு என்று பவுடர் போட்டேன். காய்ச்சல்கூட இல்லை. நாலே நாளில் போய்விட்டது. அத்தை அப்போதே "கொழந்தைக்கும் அம்மா எறங்கி வந்திருக்கா" என்று ஒரு வேப்பிலையைத் தொட்டிலில் சொருகினார். நான்தான் காதில் வாங்கவில்லை.

அதை இன்று அத்தையிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அக்கி எழுதுவதைப் பற்றி இப்போது ஒன்றும் பேசவில்லை. பாப்பாவுக்கு ஊசி போட்டாயிற்று, ஏறக்குறைய 2000 ரூபாய் ஆயிற்று.

குழந்தைநலம்_கோவை
செவ்வாய், இரவு 9:05

கிடைத்துவிட்டது பாருங்கள். நாலாம் மாதம், நாலு கொப்புளம், தாய்க்கு முன்பே அம்மை வந்தவர். நான் காலையில் எழுதியது அப்படியே உங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், அவருக்கும் மனது தெளிவாகும். கொழுந்தனார் முதல் நாள் மடியில் வைத்திருந்ததும் முக்கியம்தான். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை மூச்சுக் காற்றிலேயே தொற்றும், தொற்றியபின் பத்திலிருந்து 21 நாளில் வெளியே தெரியும். உங்கள் கணக்கு அதில் சரியாக விழுகிறது.

இனி தங்கை. அவருக்குச் சிறு வயதில் அம்மை வந்ததா? வந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் கவலையே வேண்டாம், வளைகாப்பு நடக்கட்டும். சந்தேகமாக இருந்தால் வேரிசெல்லா ஐஜிஜி என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அம்மைக்கான ஆன்டிபாடி உடம்பில் உண்டா என்று அது காட்டும், அதை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை உங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். கர்ப்பத்தில் இந்தத் தடுப்பூசி போடக் கூடாது, அது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்தது. நிறைமாதத்தில் சின்னம்மை வந்தால் தாய்க்கு நிமோனியா ஆகும் ஆபத்து உண்டு. பிரசவ நேரத்தை ஒட்டி வந்தால் பிறக்கும் குழந்தைக்கும் ஆபத்து. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

யாழ்_வாசி
புதன், காலை 7:45

எங்கட பக்கம் சின்னம்மையைக் கொப்புளிப்பான் என்று சொல்லுவம். அக்கியை அக்கி என்றுதான் சொல்லுவம். டொக்டர், ஒரு கேள்வி. என்ர அம்மாவுக்கு வயது 68, முதுகில் அக்கி போட்டு ஐந்து நாள். என்ர பிள்ளைக்கு எட்டு மாதம். அம்மா பிள்ளையைத் தூக்கலாமோ? அக்கியிலிருந்து அக்கி தொற்றாது என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தொற்றும் என்கிறார்.

குழந்தைநலம்_கோவை
புதன், பிற்பகல் 1:20

இருவரும் பாதி சரி, அம்மா. அக்கி வந்தவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. ஆனால் கொப்புளத்து நீரில் வைரஸ் இருக்கிறது. அது அம்மையே வராத, ஊசியும் போடாத ஒருவர் மேல் பட்டால் அவருக்குச் சின்னம்மை வரும். எட்டு மாதக் குழந்தைக்கு அப்படி வந்தால் பொன்னி வீட்டுக் கதை திரும்ப நடக்கலாம். இப்போது லேசாக வந்து போனாலும், பிறகு சின்ன வயதிலேயே அக்கி வரலாம். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தூக்க வேண்டாம். முதுகில்தான் என்பதால் துணியால் மூடி வைத்துக் கை கழுவிக்கொண்டால் ஆபத்து மிகக் குறைவு, ஒரே வீட்டில் இருக்கலாம். அம்மாவின் துவாயைத் தனியாக வையுங்கள்.

பழைய_ஏடு
புதன், இரவு 8:30

இந்த இழையை வாசிக்க வாசிக்க எனக்கு மருத்துவ வரலாற்றில் படித்தது நினைவுக்கு வருகிறது. அம்மையும் அக்கியும் ஒன்று என்று கண்டுபிடித்ததே குழந்தைகளை வைத்துத்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புடாபெஸ்டில் போகாய் என்ற குழந்தை மருத்துவர், வீட்டில் ஒரு பெரியவருக்கு அக்கி வந்தால் அந்த வீட்டுக் குழந்தைகளுக்குச் சில நாள் கழித்துச் சின்னம்மை வருவதைக் கவனித்துச் சொன்னார். உடனே எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1920களில் அக்கிக் கொப்புளத்து நீரை எடுத்துக் குழந்தைகளுக்கு வைத்தே பார்த்தார்கள், சின்னம்மை வந்தது. இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள், படிக்கும்போதே எனக்கு நெஞ்சு பதறியது.

அப்புறம் 1950களில் அமெரிக்காவில் தாமஸ் வெல்லர் இரண்டு நோயிலிருந்தும் வைரஸை வளர்த்துக் காட்டினார். ஆனால் என் மனதுக்கு மிகவும் பிடித்தவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் சாதாரண ஊர் டாக்டர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 வருடம் ஒருவர் விடாமல் எழுதி வைத்தார், மொத்தம் 192 பேர். ஸ்காட்லாந்தை அடுத்த ஷெட்லாந்தில் யெல் என்ற ஒதுக்குப்புறத் தீவுக்கும் போய் விசாரித்தார். அம்மை இறங்கியபின் வைரஸ் உடம்பிலேயே ஒளிந்திருந்து பிற்காலத்தில் அக்கியாகக் கிளம்புகிறது என்று 1965இல் எழுதினார். அவர் கணக்கில் பத்து வயதுக்கு உட்பட்டவர்களில் வருடத்துக்கு ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே அக்கி வந்தது. எண்பது வயதைத் தாண்டியவர்களில் ஆயிரத்துக்குப் பத்துப் பேர். 1984இல் ஒரே ஆளுக்கு முதலில் வந்த சின்னம்மையிலிருந்தும் பிறகு வந்த அக்கியிலிருந்தும் எடுத்த வைரஸின் மரபணுவை ஒப்பிட்டார்கள், இரண்டும் ஒன்றே. அவர் சொன்னது அப்போது கண்ணுக்கு முன்னால் நிரூபணமாயிற்று.

நாலாம் மாதம் வந்த நாலு கொப்புளத்தை ஞாபகம் வைத்திருந்த பொன்னியின் அத்தையும் அந்த ஊர் டாக்டரும் செய்தது ஒரே வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கடைசிபெஞ்ச்_அப்பா
புதன், இரவு 11:00

எல்லோரும் லேசாகப் போய்விடும் என்கிறீர்கள். பெரும்பாலும் அப்படித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் மகளுக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்து வயது. இடது நெற்றியில் கொப்புளம், தலைமுடிக்குள்ளும் இரண்டு. ராத்திரி ஏதோ பூச்சி ஊர்ந்துவிட்டது என்றார்கள். முதலில் பார்த்த இடத்திலும் அதையே சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மூக்கு நுனியில் ஒரு கொப்புளம். நாலாம் நாள் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அழுதாள். மதுரைக்குக் கொண்டு ஓடினோம். கண் மருத்துவர் பார்த்ததும் மூக்கு நுனியைத்தான் காட்டினார். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பின் கிளை, அங்கே கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண்ணைப் பார்த்திருக்க வேண்டும் என்றார்.

பார்வை தப்பியது. கருவிழியில் ஒரு சிறு தழும்பு இருக்கிறது, வருடம் இரண்டு முறை போய்க் காட்டுகிறோம். அவளுக்கும் எட்டாம் மாதத்தில் சின்னம்மை வந்ததுதான். எனக்கு அந்தத் தொடர்பு அப்போது தெரிந்திருந்தால் பூச்சி என்று சொன்னதை நம்பி மூன்று நாள் இருந்திருக்க மாட்டேன். நெற்றி, கண் இமை, மூக்கு, இந்த மூன்று இடத்தில் எங்கே வந்தாலும் ஒரு வேளைகூடக் காத்திருக்காதீர்கள்.

வேர்கள்
வியாழன், காலை 9:10

மனது கஷ்டமாக இருக்கிறது, அண்ணா. மகள் நன்றாக இருக்கட்டும்.

எனக்கு ஒரு கேள்வி. நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை, என் பிள்ளைகளுக்கு அரசு ஊசி எல்லாம் போட்டிருக்கிறேன். ஆனால் அம்மை ஒரு தரம் வந்துவிட்டால் ஆயுளுக்கும் வராது என்று விட்டுவிட்டேன். ஊசியிலும் உயிருள்ள வைரஸ்தான் என்று டாக்டரே சொல்கிறார். அப்படியானால் அதுவும் நரம்பில் போய் ஒளிந்துகொள்ளாதா? இயற்கையாக வந்து போவதே மேல் இல்லையா? அதோடு பிரிட்டன் பல வருடம் இந்த ஊசியைக் குழந்தைகளுக்குப் பொதுவாகப் போடாமல் இருந்தது. குழந்தைகளுக்கு அம்மை வருவது நின்றுவிட்டால் பெரியவர்களுக்கு அக்கி கூடிவிடும் என்று சொன்னார்கள்.

குழந்தைநலம்_கோவை
வியாழன், இரவு 10:20

நல்ல கேள்வி, நேராகப் பதில் சொல்கிறேன். ஆம், ஊசி வைரஸும் ஒளிந்துகொள்ளலாம். ஊசி போட்ட குழந்தைக்கும் அக்கி வருவதுண்டு, சில சமயம் ஊசி போட்ட அதே கையில், அதே தொடையில் வரும். ஆனால் எவ்வளவு என்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் 2003 முதல் 2014 வரை 63 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. ஊசி போடாத குழந்தைகளில் வருடத்துக்கு லட்சத்தில் 170 பேருக்கு அக்கி. போட்டவர்களில் 38 பேருக்கு. அதாவது 78 விழுக்காடு குறைவு. ஊசியில் இருப்பது பலவீனப்பட்ட வைரஸ். உடம்பு முழுக்கக் கொப்புளம் போடாததால் தோலிலிருந்து நரம்புக்குப் போகும் அளவும் குறைவு.

பிரிட்டனைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. அம்மை வந்த குழந்தைகளோடு பழகும்போது பெரியவர்களின் காவல் புதுப்பிக்கப்படுகிறது என்பதும் பழைய_ஏடு எழுதிய அதே ஹோப்-சிம்ப்சனின் எண்ணம்தான். ஆனால் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அக்கி கூடியது ஊசி வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது, ஊசி வந்தபின் அது வேகம் பிடிக்கவும் இல்லை. இதையெல்லாம் பார்த்து 2023இல் பிரிட்டனின் தடுப்பூசிக் குழுவே குழந்தைகளுக்குப் போடலாம் என்று பரிந்துரைத்துவிட்டது.

"இயற்கையாக வந்து போகட்டும்" என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. எப்போது வரும் என்பது நம் கையில் இல்லையே. நாலாம் மாதத்தில் வரலாம், நிறைமாதத்தில் வரலாம். நம் ஊரில் பெரியவர்களான பிறகு முதல் தடவை அம்மை வருபவர்களும் நிறைய. பெரியவர்களுக்கு அது கடுமையாகத்தான் வருகிறது.

இந்த ஊசியைக் கண்டுபிடித்த ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷியின் மகனுக்கே 1964இல் கடுமையாகச் சின்னம்மை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த தகப்பன் அவர். பிறகு ஓகா என்ற குடும்பப் பெயருள்ள ஒரு மூன்று வயதுப் பையனின் கொப்புளத்திலிருந்து வைரஸை எடுத்துப் பலவீனப்படுத்தி 1974இல் வெளியிட்டார். இன்றும் நாம் போடுவது அந்த ஓகா வகைதான். இந்தியாவில் அரசுத் திட்டத்தில் இது இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். இரண்டு டோஸ், 15ஆம் மாதம் ஒன்று, 18-19ஆம் மாதம் இன்னொன்று என்று குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. தினக்கூலி வீட்டில் 4000 ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று என் மேசைக்கு எதிரே உட்காரும் தாய்மார்களின் முகத்தில் தினமும் பார்க்கிறேன்.

வேர்கள்
வியாழன், இரவு 11:45

நன்றி டாக்டர். பெரியவனுக்கு ஏற்கனவே அம்மை வந்துவிட்டது, இரண்டு வயதுச் சின்னவளுக்கு இந்த மாதச் சம்பளத்தில் முதல் ஊசி போடுகிறேன். பெரியவர்களுக்கு அக்கி கூடும் என்ற விஷயத்தில் இன்னும் படித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நாலாம் மாதக் கதை என்னை யோசிக்க வைத்துவிட்டது.

மின்மினி_அம்மா
வெள்ளி, அதிகாலை 4:50

நான் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொன்னி, இது உங்களைப் பயமுறுத்த இல்லை. உங்கள் பையனுக்கு இது பொருந்தாது.

என் மகனுக்கு இரண்டு வயதில் சின்னம்மை. நாலு வயதில் லுக்கேமியா, ரத்தப் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருந்தபோது முதுகில் இரண்டு பட்டையாக அக்கி வந்தது, மறுநாள் கையிலும் முகத்திலும் தனித்தனிக் கொப்புளம். உடனே சேர்த்து நரம்பு வழியாக அசைக்ளோவிர் ஏற்றினார்கள், ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் வார்டில் தனி அறை. இப்போது சிகிச்சை முடிந்து ஒன்றாம் வகுப்பு போகிறான்.

நான் கேட்பது ஒன்றுதான். எங்கள் பிள்ளைகளுக்குக் கீமோ நடக்கும்போது இந்த ஊசியைப் போட முடியாது. சுற்றியிருக்கும் பிள்ளைகளுக்கு வராமல் இருந்தால்தான் இவர்களுக்கும் வராது. அக்கி, அம்மை என்று தெரிந்தால் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் குழந்தையின் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

பொன்னி_திருச்சி
வெள்ளி, காலை 8:00

அக்கா, இதை வாசித்துவிட்டு முதல் வேலையாக வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் குழுவில் பெயர் குறிப்பிடாமல் செய்தி போட்டிருக்கிறார். உங்கள் மகனுக்குச் சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொள்கிறேன்.

தங்கைக்கு ரத்தம் எடுத்தாயிற்று. எங்கள் அம்மா "அவளுக்கு வந்ததா இல்லையா தெரியலையே, உனக்கு வந்தப்ப அவ பாட்டி ஊர்ல இருந்தா" என்கிறார். முடிவு சனிக்கிழமை. வளைகாப்பை அவள் மாமியார் வீட்டுக்கு மாற்றிவிட்டோம். நான் மட்டும் குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டு போய் வளையல் போட்டுவிட்டு வருகிறேன். பையனுக்கு ராத்திரியில்தான் அரிப்பு. கேலமைன் போடுகிறேன். வலித்தால் என்ன கொடுப்பது டாக்டர்?

குழந்தைநலம்_கோவை
வெள்ளி, காலை 8:25

பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, இந்த வைரஸோடு சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறி வரலாம். இபுபுரோஃபனும் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், பருத்திச் சட்டை, தினமும் குளியல். சின்ன வயதில் அக்கி வந்தவர்களுக்குப் பெரியவர்களைப் போல மாதக்கணக்கில் நரம்பு வலி நிற்பது மிக அரிது, அதையும் சொல்லி வைக்கிறேன்.

யாழ்_வாசி
அடுத்த வாரம் செவ்வாய், மாலை 5:30

அம்மாவுக்கு எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டது. நேற்றுத்தான் பேரப்பிள்ளையைத் தூக்கினவா. அவவுக்கு இன்னும் ஊசி குத்துற மாதிரி வலி இருக்குது, அதற்கு வேறு மருந்து எழுதித் தந்திருக்கினம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, 21 நாள் பார்த்துக்கொண்டிருக்கிறம்.

பொன்னி_திருச்சி
நாலாம் வாரம் வியாழன், இரவு 9:40

கேட்டவர்கள் எல்லோருக்கும்: பையனுக்கு ஒன்பதாம் நாளே பொருக்கு. இரண்டு வாரத்தில் உதிர்ந்துவிட்டது. விலாவில் வெளுத்த திட்டுகள் மட்டும் இருக்கின்றன. பள்ளிக்குப் போகிறான், கபடி விளையாடுகிறான். தங்கைக்கு ஆன்டிபாடி இருக்கிறது என்று முடிவு வந்தது. எப்போதோ அவளுக்கும் யாரும் கவனிக்காமல் வந்து போயிருக்கிறது. போன ஞாயிறு பெண் குழந்தை பிறந்தது, மூன்று கிலோ. எங்கள் பாப்பாவுக்கு ஊசி போட்டு மூன்று வாரம் தாண்டிவிட்டது, ஒரு கொப்புளம்கூட இல்லை, இரண்டாவது டோஸுக்கு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவரிடம் நாலாம் மாதக் கதையைச் சொன்னேன். அவர் பையனின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பின்பக்கம் எழுதினார்: "4 மாதம், சின்னம்மை, லேசானது. 7 வயது, அக்கி, வலது விலா." நானும் பாப்பாவின் அட்டையில் ஊசி போட்ட தேதியை எழுதிவிட்டேன். அத்தை அந்த இரண்டு அட்டையையும் வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால், வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருக்கிறார்.